அருவிக்கு மேல் ஒரு பாலம்: கிரீன்வில் தன் கடைவீதியை மீட்ட விதம்

ஊருக்கு நட்டநடுவில் ஓர் அருவி. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலர் அதைச் சரியாகப் பார்த்ததில்லை. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் இருக்கும் கிரீன்வில் நகரத்தில் 2002 வரை இதுதான் நிலைமை. 1960-ல் அருவியின் தலைக்கு மேலேயே நான்கு தடச் சாலைப் பாலம் ஒன்றைக் கட்டிவிட்டார்கள். காரில் போகிறவருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. நடந்து போகிறவருக்கோ அந்தப் பக்கம் வருவதற்கே ஒரு காரணமும் கிடையாது.

பாலம் இருந்த இடத்தில் இப்போது பூங்கா இருக்கிறது. சிறு நகரங்களின் கடைவீதியை மீட்பது பற்றிப் பேச்சு வந்தால் அமெரிக்காவில் முதலில் சொல்லப்படும் பெயர்களில் கிரீன்வில்லும் ஒன்று. படங்களைப் பார்த்தால் ஒரு பூங்காவும் அதன் மேல் வளைந்து போகும் நடைபாலமும் சேர்ந்து ஊரைத் தூக்கி நிறுத்தியது போலத் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பூங்கா வந்தது ஏறக்குறைய முப்பது வருட வேலைக்கு அப்புறம். அந்த முப்பது வருடத்தில் எதை முதலில் செய்தார்கள், எதைத் தள்ளிப்போட்டார்கள், எதற்கு யார் பணம் போட்டார்கள் என்று வரிசையாகப் பார்த்தால்தான் கதை பிடிபடும். தனியார் யாரும் தன் பணத்தில் கட்ட முன்வராத தெரு, வண்டி நிறுத்துமிடம், ஆற்றங்கரை போன்றவற்றை நகராட்சி தன் தலையில் போட்டுக்கொண்டது. ஒன்று முடிந்த இடத்துக்கு ஒட்டினாற்போல அடுத்ததைத் தொடங்கியது. ஊர் நிமிர்ந்ததற்கு இந்தப் பொறுமையான வரிசைதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். அந்த வரிசையிலேயே ஒரு பெரிய விடுபடலும் உண்டு. அதையும் பேசியாக வேண்டும்.

மில்கள் ஓய்ந்த ஊர்

கிரீன்வில் பஞ்சும் நூலும் வளர்த்த ஊர். ரீடி ஆற்றின் அருவிதான் ஆரம்பகால ஆலைகளை ஓட்டியது. ஒரு காலத்தில் 'உலகின் ஜவுளித் தலைநகரம்' என்று தன்னை அழைத்துக்கொண்டது. ஆற்றங்கரையில் இருந்த சாயப்பட்டறைகள் கழிவை ஆற்றிலேயே விட்டன. அன்றைக்கு எந்த நிறத்தில் சாயம் போட்டார்களோ அந்த நிறத்தில் ஆறு ஓடும். ஊர்க்காரர்கள் அதற்கு 'வானவில் ரீடி' என்று பேர் வைத்தார்கள். அப்படிப்பட்ட ஆற்றின் மேல் பாலம் கட்டி மறைத்ததில் அன்று யாருக்கும் பெரிய வருத்தம் இருந்திருக்காது.

ஆற்றங்கரையில் இருந்த ஃபர்மன் பல்கலைக்கழகமும் 1958-ல் ஊருக்கு வெளியே புது வளாகத்துக்குப் போய்விட்டது. அந்த மாணவர் கூட்டம் அத்தோடு போனது. 1968-ல் மெக்காலிஸ்டர் ஸ்கொயர் என்ற மால் திறந்தது. 1980-ல் அதைவிடப் பெரிதாக ஹேவுட் மால். நகரின் மெயின் ஸ்ட்ரீட்டில் இருந்த பெரிய துணிக்கடைகள் ஒவ்வொன்றாக அங்கே இடம் மாறின. 1925-ல் திறந்து ஊரின் பெருமையாக இருந்த பன்னிரண்டு மாடி பாயின்செட் ஹோட்டல் முதியோர் இல்லமாகி, பிறகு அதுவும் இல்லாமல் காலியாகக் கிடந்தது.

மக்கள்தொகைக் கணக்கு இதை நேராகவே சொல்கிறது. 1960-ல் நகரத்தில் 66,188 பேர். 1980-ல் 58,242. சரிவு அங்கேயும் நிற்கவில்லை, 2000-ல் 56,002. சுற்றியுள்ள மாவட்டத்தில் ஆள் கூடிக்கொண்டே போன அதே வருடங்களில் நகரம் மட்டும் இளைத்தது. தொழில் இல்லாமல் ஊர் காலியாகவில்லை. ஊருக்கு நடுவில் இருக்க வேண்டிய காரணம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டது.

வியன்னாவிலிருந்து வந்த மேயர்

1971 முதல் 1979 வரை மேயராக இருந்தவர் மேக்ஸ் ஹெல்லர். 1919-ல் வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1937-ல் ஐரோப்பா சுற்றிப் பார்க்க வந்த கிரீன்வில் பெண் ஒருவரை ஒரு நடன விருந்தில் சந்தித்தார். அவர் கொடுத்த முகவரியைப் பத்திரமாக வைத்திருந்தார். அடுத்த வருடம் நாஜிகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்ததும் அந்த முகவரிக்கு உதவி கேட்டுக் கடிதம் எழுதினார். அந்தப் பெண் உள்ளூர்ச் சட்டைத் தொழிற்சாலை முதலாளியிடம் பேசி, ஹெல்லருக்கு வேலை தருவதாக உறுதி வாங்கிக் கொடுத்தார். 1938-ல் கிரீன்வில்லுக்கு வந்து சேர்ந்த ஹெல்லரின் முதல் வேலை அந்தத் தொழிற்சாலையில் தரை பெருக்குவது. பத்து வருடம் கழித்துச் சொந்தமாகச் சட்டைக் கம்பெனி தொடங்கினார். நன்றாக ஓடியது. 1962-ல் அதை விற்றுவிட்டுப் பொதுவேலைக்கு வந்தார்.

மெயின் ஸ்ட்ரீட்டைப் பார்க்கும்போது அவர் மனதில் இருந்தது சின்ன வயதில் பார்த்த ஐரோப்பியத் தெருக்கள். மரம், பூ, வாசலில் மேசை போட்ட காபிக் கடை, வேலை இல்லாவிட்டாலும் வெளியே வந்து உட்காரும் மக்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. அமெரிக்காவின் மூடிய குளிர்சாதன மாலை உருவாக்கியவர் என்று பேர் வாங்கிய விக்டர் குருயனும் வியன்னாக்காரர்தான். அவரும் யூதர், அவரும் அதே 1938-ல் தப்பி வந்தவர். வியன்னாவின் தெரு வாழ்க்கையைப் புறநகரில் கூரைக்குக் கீழே கொண்டுவர ஆசைப்பட்டு 1956-ல் சவுத்டேல் மாலைக் கட்டினார். அந்த மால்கள்தான் பிற்பாடு ஊர் நடுவில் இருந்த கடைவீதிகளைக் காலி செய்தன. 1959-ல் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் கடைவீதியை வண்டிகளுக்கு மூடி, நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கிய திட்டமும் குருயனுடையதே. அதைப் பார்த்து அடுத்த இருபது வருடத்தில் நூற்றுக்கணக்கான ஊர்கள் தங்கள் தெருவை மூடின. பெரும்பாலான இடங்களில் கடைகள் மேலும் வாடின. திரும்பத் தெருவைத் திறந்துவிட்டார்கள். கலமசூவேகூடப் பிறகு தன் தெருவின் ஒரு பகுதியில் கார்களை மறுபடி அனுமதித்தது.

கிரீன்வில் தெருவை மூடவில்லை. குறுக்கியது.

தெருவைக் குறுக்கிய கணக்கு

வாஷிங்டனில் ரூஸ்வெல்ட் நினைவிடத்தைப் பிற்காலத்தில் வடிவமைத்த லாரன்ஸ் ஹால்ப்ரினிடம் மெயின் ஸ்ட்ரீட்டை ஒப்படைத்தார்கள். 1970-களின் கடைசியில் வேலை நடந்தது. நான்கு தடமாக இருந்த சாலை இரண்டு தடமானது. மிச்சமான அகலம் நடைபாதைக்குப் போனது. நடைபாதையில் மரம் வைத்தார்கள், விளக்கு போட்டார்கள், இடையிடையே சின்னச் சின்னத் திறந்த இடங்கள் விட்டார்கள். மரங்களுக்கு நடுவில் கார் நிறுத்தவும் இடம் இருந்தது.

இது கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் நான்கு தடத்தில் கார் போகிற வேகமும் இரண்டு தடத்தில் போகிற வேகமும் வேறு. நான்கு தடத் தெருவைக் குறுக்கே கடக்க யோசிக்க வேண்டும். இரண்டு தடத் தெருவில் எதிர்க் கடையில் நிற்பவரின் முகம் தெரியும், கூப்பிட்டால் கேட்கும். அதே சமயம் கார் வந்து நிற்கலாம் என்பதால் கடைக்காரருக்கு வாடிக்கையாளர் வழி அடைபடவில்லை. மூடிய தெருவில் மாலை ஆறு மணிக்கு மேல் ஆள் நடமாட்டமே இருக்காது, பயமாக இருக்கும். குறுகிய தெருவில் ஊர்ந்து போகும் கார் விளக்கே ஒரு துணை.

இன்னொரு கணக்கும் உண்டு. மரம் வளர இருபது முப்பது வருடம் ஆகும். நட்டபோது இந்தத் தெருவில் நிழல் கிடையாது, கடைகளும் பாதி காலி. தேர்தலைச் சந்தித்துப் பதவியில் இருக்க வேண்டிய ஒரு மேயர், பலனைத் தான் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே கன்று நட்டிருக்கிறார். இன்றைக்கு அந்தத் தெருவில் காபிக் கடை மேசைகளின் மேல் விழுவது அந்த நிழல்தான்.

இரண்டு முனையில் இரண்டு காந்தம்

தெரு அழகானது. ஆனால் வருவதற்கு ஆள் வேண்டுமே. அதற்கு அவர்கள் போட்ட திட்டம், யோசித்துப் பார்த்தால், மால் கட்டுகிறவர்கள் போடும் திட்டம்தான்: இரண்டு முனையிலும் ஒரு பெரிய கடை, நடுவில் நடந்து போகும் வழியில் சின்னக் கடைகள்.

வட முனையில் ஹயாட் ஹோட்டல், 1982-ல் திறந்தது. ஹெல்லர் காலத்தில் பேச்சு தொடங்கி, அவர் பதவியை விட்டு மூன்று வருடம் கழித்து முடிந்தது. காலியாகக் கிடக்கும் கடைவீதியில் பெரிய ஹோட்டல் ஒன்று தானாக வந்து கட்டாது. நட்டக் கணக்கு முன்னாலேயே தெரியும். அதனால் திட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள். அறைகள் உள்ள ஹோட்டல் தனியார் முதலீடு. மாநாட்டுக் கூடம், கார் நிறுத்தும் அடுக்குக் கட்டடம், கண்ணாடிக் கூரைக்குக் கீழே மரமும் தண்ணீருமாக இருந்த நடுமுற்றம் ஆகியவை பொதுப் பணம். அந்த நடுமுற்றம் காகிதத்தில் ஹோட்டல் வரவேற்பறையாக இல்லாமல் பொதுப் பூங்காவாகவே இருந்தது. பொதுப் பணத்தைப் பொது இடத்தில் மட்டுமே போட முடியும் என்ற விதிக்கு அவர்கள் கண்டுபிடித்த வழி அது.

அந்தப் பொதுப் பணத்தில் முக்கியமான பங்கு மத்திய அரசின் நகர்ப்புற வளர்ச்சி நடவடிக்கை மானியம். 1977-ல் கொண்டுவந்து 1989-ல் நிறுத்தப்பட்ட திட்டம் இது. நலிந்த ஊர்களுக்குத்தான் கிடைக்கும். இந்த மானியம் இல்லாவிட்டால் திட்டமே நடக்காது என்று காட்ட வேண்டும். தனியார் எவ்வளவு போடுகிறார் என்பதும் எழுத்தில் உறுதியாகியிருக்க வேண்டும். 'பணம் கொடுங்கள், அப்புறம் ஆள் தேடுகிறோம்' என்பது செல்லாது. கிரீன்வில்லில் அந்தத் தனியார் பக்கத்தைத் திரட்டியவர்களில் கட்டுமானத் தொழிலதிபர் பக் மிக்கலும் வழக்கறிஞர் டாமி வைச்சும் முக்கியமானவர்கள். உள்ளூர்ப் பணக்காரர்கள் தங்கள் ஊரில் தாங்களே பணத்தைப் போட்டிராவிட்டால் வெளியிலிருந்து யாரும் வந்திருக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

தென் முனையில், ஆற்றுக்குப் பக்கத்தில், 1990-ல் பீஸ் சென்டர் என்ற கலை அரங்கம் வந்தது. இதற்கு அடித்தளம் நன்கொடை. உள்ளூர்ப் பீஸ் குடும்பம் 1 கோடி டாலர் கொடுத்தது, அதைக் காட்டி மற்றவர்களிடம் திரட்டினார்கள். பழைய மில் கட்டடத்தையும் குதிரைவண்டித் தொழிற்சாலைக் கட்டடத்தையும் இடிக்காமல் வளாகத்துக்குள் சேர்த்துக்கொண்டார்கள். ஹோட்டலில் தங்குகிறவர் மாலையில் கச்சேரி பார்க்க நடந்தே போகலாம். ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரம். அந்த நடைவழியில்தான் முதலில் உணவகங்கள் திறந்தன.

இந்தப் பதினைந்து இருபது வருடக் காலத்தில் நகராட்சி அதிகம் பேசப்படாத ஒன்றையும் செய்துகொண்டே இருந்தது: அடுக்குக் கார் நிறுத்தங்கள். காரில்தான் வருவார்கள் என்ற ஊரில், ஒவ்வொரு கட்டடமும் தன் பக்கத்திலேயே ஒரு காலி மைதானத்தைக் கார் நிறுத்த வைத்திருந்தால் தெரு பல்லுப்போன வாய் மாதிரி ஆகிவிடும். அந்தச் சுமையை நகராட்சி எடுத்துக்கொண்டால் தனியாருக்குச் செலவு குறையும், தெருவும் தொடர்ச்சியாக இருக்கும். பாயின்செட் ஹோட்டல் 2000-ல் மறுபடி ஹோட்டலாகவே திறந்தபோது பழைய தெரு முழுசாகத் தைக்கப்பட்டது போல இருந்தது.

அதே வருடத்தில் நடந்த சின்ன விஷயம் ஒன்று. உள்ளூர்ப் பள்ளி மாணவர் ஒருவர் தன் கடைசி வருடப் படிப்புத் திட்டமாக, மெயின் ஸ்ட்ரீட்டில் ஒன்பது வெண்கல எலிகளை ஒளித்து வைக்கலாம் என்று யோசனை சொன்னார். சிற்பி ஒருவர் செய்துகொடுத்தார். ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்கும். ஒன்று சுவர் விளிம்பில் இருக்கும், இன்னொன்று தூணுக்குப் பின்னால். ஹயாட்டுக்கும் பாயின்செட்டுக்கும் நடுவிலுள்ள ஐந்து தெருத்துண்டுகளில் இவை பரவியிருக்கின்றன. எலி தேடும் குழந்தை நடைபாதையில் குனிந்து குனிந்து போகிறது, பின்னால் பெற்றோர் கடை கடையாகப் பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள். கோடிக்கணக்கில் கட்டிய இரண்டு காந்தங்களுக்கு நடுவில் மனிதர்களை மெல்ல நடக்க வைப்பது இந்த ஒன்பது எலி. திட்ட அறிக்கை எழுதும் யாருக்கும் இது தோன்றியிருக்காது.

நன்றாக இருந்த பாலத்தை இடிப்பது

அருவிக்கு வருவோம். அதை மறக்காமல் இருந்தவர்கள் ஒரு தோட்டக் கழகத்துப் பெண்கள். கரோலினா ஃபுட்ஹில்ஸ் தோட்டக் கழகம் 1967-லேயே நகராட்சியோடும் ஃபர்மன் பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து, புதர் மண்டிக் கிடந்த 26 ஏக்கர் ஆற்றங்கரையை மீட்கத் தொடங்கியது. மேலே லாரி போய்க்கொண்டிருக்க, கீழே இவர்கள் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். முப்பத்தைந்து வருடம். பொதுவாக இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் மேயர்களின் பெயரைச் சொல்லிவிட்டு இவர்களை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். ஆனால் அந்த நிலம் அதுவரை வேறு எதற்கும் போகாமல் இருந்தது இவர்களால்தான்.

1995-ல் மேயரான நாக்ஸ் வைட் பாலத்தை எடுத்துவிட வேண்டும் என்று நின்றார். எதிர்ப்பு வந்தது, வராமல் எப்படி இருக்கும்? பாலத்தில் விரிசல் இல்லை, வண்டி போகிறது. உடையாத ஒன்றை இடிக்கப் பொதுப் பணமா? தவிர, கேம்பர்டவுன் என்ற அந்தப் பாலம் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. அதை நகராட்சி தன் பெயருக்கு வாங்கிய பிறகுதான் கை வைக்கவே முடியும்.

ஊர்க்காரர்களிடம் இதை விளக்குவது எவ்வளவு கடினம் என்று நினைத்துப் பாருங்கள். புதிதாக ஒன்று கட்டப்போகிறோம் என்றால் படம் போட்டுக் காட்டலாம். இருப்பதை எடுத்தால் என்ன கிடைக்கும் என்பதைப் படத்தில் காட்டினாலும் நம்புவது கஷ்டம். ஆட்களைக் கீழே அருவிக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டியதுதான் பலன் தந்தது. பார்த்தவர்கள் 'இது இங்கே இருக்கிறதா?' என்றார்கள்.

2002-ல் பாலம் போனது. 2004 செப்டம்பரில் ஃபால்ஸ் பார்க்கும் லிபர்ட்டி பாலமும் திறந்தன. பாஸ்டனைச் சேர்ந்த மிகேல் ரோசாலஸ் வடிவமைத்த நடைபாலம் இது. நீளம் 355 அடி, அகலம் 12 அடி. அருவியை விட்டு விலகி வளைந்து போகிறது. நடைதளத்தைத் தாங்கும் கம்பி ஒரே பக்கம்தான், அருவியின் பக்கம் முழுக்கத் திறந்திருக்கிறது. நடக்கிறவர் கண்ணை எதுவும் மறிப்பதில்லை. நாற்பது வருடம் அருவியை மறைத்த இடத்தில், மறைக்காமல் இருப்பதற்கென்றே கட்டிய பாலம். செலவு 45 லட்சம் டாலர். பூங்கா மொத்தமாக 1.3 கோடி டாலரைத் தாண்டியது.

யார் கொடுத்த பணம்?

இந்தப் பகுதிதான் மற்ற ஊர்க்காரர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது. 1980-களில் இருந்த மத்திய மானியம் 2000-களில் இல்லை. அதனால் பூங்காவுக்கு வேறு கையிருப்பு தேவைப்பட்டது.

தென் கரோலினா 1997-ல் உள்ளூர் விருந்தோம்பல் வரிக்குச் சட்டம் செய்தது. உணவகத்தில் சாப்பிடும் பில்லின் மேல் உள்ளாட்சி அமைப்புகள் 2% வரை வசூலிக்கலாம். ஒரு கட்டுப்பாடு உண்டு: அந்தப் பணம் சுற்றுலா சார்ந்த வேலைகளுக்கு மட்டும். ஃபால்ஸ் பார்க்குக்கு அடித்தளமாக இருந்தது இந்த வரி. வரிசை ஏன் முக்கியம் என்பது இங்கேதான் தெரிகிறது. மெயின் ஸ்ட்ரீட்டில் இருபது வருடத்தில் உணவகங்கள் வந்திருந்ததால்தான் சாப்பாட்டு வரியில் பூங்கா கட்டுமளவு பணம் வந்தது. உணவகமே இல்லாத ஊர் இதே வரியைப் போட்டால் கையில் சில்லறைதான் மிஞ்சும். 1978-ல் நட்ட மரத்துக்கும் 2004-ல் திறந்த பூங்காவுக்கும் இடையில் இருக்கும் பாலம் இந்த 2%. வெளியூர்க்காரர்களும் அந்த பில்லில் பங்கு கொடுக்கிறார்கள் என்பது நகர மன்றத்தில் இந்த மாதிரி வரிக்கு எப்போதும் நல்ல வாதம்.

பராமரிப்புக்கென்று நன்கொடையாளர்களிடம் தனி நிதியும் திரட்டினார்கள். இதை நான் அழுத்திச் சொல்வேன். பூங்கா திறக்கப் பணம் கொடுக்க நிறையப் பேர் வருவார்கள், கல்வெட்டில் பேர் வரும். பத்தாவது வருடம் புல் வெட்டுவதற்குக் கேட்டால் யாரும் வரமாட்டார்கள். கிரீன்வில் பூங்காவின் பூப்படுகைகளைப் பார்த்தால் தோட்டக்காரர் தினமும் வந்து போகிறார் என்பது தெரியும்.

பூங்காவுக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் 2005-ல் ரிவர்பிளேஸ் வளாகம் வந்தது: வீடு, அலுவலகம், ஹோட்டல், கடை எல்லாம் சேர்ந்தது. தனியார் கட்டியது. ஆற்றோர நடைபாதையும் கார் நிறுத்தமும் பொதுப் பணம். கார் நிறுத்தத்தின் ஆற்றுப் பக்க முகத்தை வெறும் கான்கிரீட்டாக விடாமல் சிறு ஓவியக்கூடங்களாக மாற்றினார்கள். இதற்கு உதவியது வரி உயர்வு நிதி என்ற முறை. எப்படி என்றால், குறிப்பிட்ட ஒரு பகுதியை வரைபடத்தில் வட்டம் போட்டு, அன்றைய தேதியில் அங்கே வரும் சொத்து வரியை அடித்தளமாகக் குறித்துக்கொள்வார்கள். அந்த அளவு வரி வழக்கம்போல எல்லாருக்கும் போகும். அதற்குப் பிறகு மதிப்பு ஏறி, அதனால் கூடுதலாக வரும் வரி மட்டும் தனிக் கணக்கில் சேரும். அந்தக் கூடுதலை நம்பி இன்றே கடன் பத்திரம் வெளியிட்டு, தெருவும் கார் நிறுத்தமும் கட்டுவார்கள். உதாரணமாக, 100 ரூபாய் வரி வந்த இடத்தில் 160 வந்தால் அந்த 60 கடனை அடைக்கும். கிரீன்வில் மையக் கடைவீதிக்கும் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள வெஸ்ட் எண்டுக்கும் இப்படி வட்டம் போட்டிருந்தது.

இதில் ஓர் ஆபத்து உண்டு. மதிப்பு ஏறாவிட்டால் கடன் நகராட்சித் தலையில். ஏறினாலும், பள்ளிக்கும் மாவட்டத்துக்கும் போயிருக்க வேண்டிய பங்கு பல வருடம் அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றும். கடைவீதி தானாகவே வளர்ந்திருக்குமா, இந்தப் பணத்தால்தான் வளர்ந்ததா என்பதை யாரும் நிரூபிக்க முடியாது. ஹயாட் காலத்திலிருந்து ஏற்கனவே பலன் தெரிந்த இடத்துக்கு ஒட்டியே வட்டம் போட்டதால் கிரீன்வில்லுக்கு ஆபத்து குறைந்தது. ஊர் எல்லையில் வெறும் பொட்டலுக்கு இதைச் செய்து கடனில் மாட்டிய ஊர்கள் உண்டு.

2006-ல் வெஸ்ட் எண்டில் பேஸ்பால் மைதானம் திறந்தது. பாஸ்டனின் புகழ்பெற்ற ஃபென்வே மைதானத்தின் பச்சைச் சுவரையே நகல் எடுத்து வைத்திருக்கிறார்கள். ஊரில் முன்பு இருந்த அணி புது மைதானத்தைப் பற்றி உடன்பாடு வராமல் 2004-க்குப் பிறகு வேறு மாநிலத்துக்குப் போயிருந்தது. அடுத்து வந்த அணியோ மைதானத்தைத் தானே கட்டியது. நகராட்சி நிலத்தையும் சுற்றுப்புறத்தையும் பார்த்துக்கொண்டது. மற்ற ஊர்கள் மைதானத்துக்குப் பொதுப் பணத்தைக் கொட்டி ஏமாந்த நாட்களில், ஓர் அணியைப் போகவிட்ட தைரியம் பாராட்டத் தக்கது.

வட்டத்துக்கு வெளியே இருந்தவர்கள்

2020 கணக்கில் நகரத்தில் 70,720 பேர். அறுபது வருடத்துக்கு முந்தைய எண்ணிக்கையை ஊர் தாண்டிவிட்டது. ஆனால் அந்த எண்ணுக்குள் இன்னொரு எண் இருக்கிறது. 2000-ல் நகரவாசிகளில் மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர். 2020-ல் நான்கில் ஒருவர்கூட இல்லை. மற்றவர்கள் வர வர, வாடகையும் சொத்து மதிப்பும் ஏற ஏற, கடைவீதியைச் சுற்றிக் காலங்காலமாக வாழ்ந்த குடும்பங்கள் வெளியேறின.

'பழைய கடைவீதியைத் திரும்பக் கொண்டுவந்தோம்' என்ற பேச்சு அவர்கள் காதில் எப்படி விழும் என்பதையும் யோசிக்க வேண்டும். அந்தப் பழைய கடைவீதியில் அவர்கள் பொருள் வாங்கலாம், உட்கார்ந்து சாப்பிட முடியாது. 1960-ல் வெள்ளையருக்கு மட்டுமான நகர நூலகத்துக்குள் போய் உட்கார்ந்ததற்காகக் கைதான எட்டு மாணவர்களில் ஒருவர், பின்னாளில் கறுப்பினத்தவர் உரிமைப் போராட்டத் தலைவரான இந்த ஊர்ப் பையன் ஜெசி ஜாக்சன். வரி உயர்வு நிதிக்கு மையக் கடைவீதியிலும் வெஸ்ட் எண்டிலும் போட்ட வட்டம் கடைவீதியை வளர்க்கப் போட்டது, அந்தக் குடும்பங்களின் வீட்டைக் காக்கப் போட்டது அல்ல. முப்பது வருடம் வரிசை தவறாமல் திட்டமிட்டவர்கள் இதற்கு மட்டும் வரிசையில் இடம் வைக்கவில்லை. நிலம் மலிவாக இருந்தபோது, 1985-லோ 1995-லோ, கடைவீதியை ஒட்டிச் சில மனைகளை வாங்கிப் போட்டிருந்தால் மிகக் குறைந்த செலவில் முடிந்திருக்கும். விலை ஏறிய பிறகு அதே மனைக்கு எத்தனையோ மடங்கு கொடுக்க வேண்டும். மரக்கன்றுக்கு இருந்த தொலைநோக்கு வீட்டுக்கு இல்லாமல் போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆற்றின் மேல்பக்கத்தில் மேபெரி பார்க் என்று ஒன்று இருந்தது. நிறவெறிச் சட்டங்கள் இருந்த காலத்தில் கறுப்பினக் குழந்தைகளுக்கென்று விட்ட பூங்கா. 1930-களில் நகராட்சி அதில் ஒரு பகுதியை எடுத்துப் பேஸ்பால் மைதானத்துக்குக் கொடுத்துவிட்டது. மிச்சமிருந்த சுற்றுப்புறத்தில் நகராட்சியின் லாரிகளும் பணிமனையும் பழைய சிறைக் கட்டடமும் இருந்தன. பல பத்தாண்டு அப்படியே கிடந்தது.

2022 மே மாதம் அதே இடத்தில் 60 ஏக்கரில் யூனிட்டி பார்க் திறந்தது. பணிமனையை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். வாய்க்கால் மாதிரி நேராக்கி அடைத்திருந்த ஆற்றின் கரையை அகலமாக்கினார்கள். இதற்கும் விருந்தோம்பல் வரியிலிருந்து பணம் வந்தது. மெயின் ஸ்ட்ரீட்டில் சாப்பிடுகிறவர் கொடுத்த 2% இப்போது பூங்காவை ஒட்டிய சதர்ன்சைடு குடியிருப்பின் குழந்தைகள் நனைந்து விளையாடும் தண்ணீர்த் தளத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இந்த முறை வரிசையும் மாறியது. ஃபால்ஸ் பார்க்கில் பூங்கா முதலில் வந்தது, விலை ஏறியது, வீட்டைப் பற்றிய பேச்சு பல வருடம் கழித்து வந்தது. யூனிட்டி பார்க்கில் திறப்பு விழாவுக்கு முன்பே, பூங்காவை ஒட்டித் தன் கையில் இருந்த நிலத்தில் ஒரு பங்கை நகராட்சி குறைந்த வருமானக் குடும்பங்களின் வீடுகளுக்கென்று ஒதுக்கி வைத்தது.